கஞ்சாத் தாய்ச்செடி: கிழவியாக்குவதா, வாரிசு வைப்பதா, ஆய்வகத்துக்கு அனுப்புவதா?

கஞ்சா ஓராண்டுச் செடி. வசந்தத்தில் முளைத்து, கோடையில் உயர்ந்து, பகல் சுருங்கத் தொடங்கியதும் பூத்து, பனி கொட்டுவதற்குள் கதை முடிந்துவிடும். அப்படிப்பட்ட செடியை ஐந்து வருஷம், பத்து வருஷம் வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்குக் கோடை முடியவே கூடாது. தினமும் 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் பூக்கிற நினைப்பே இல்லாமல் கிளை விட்டுக்கொண்டே போகும். அந்தக் கிளையில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வேர் பிடிக்க வைத்தால் குணம் மாறாத இன்னொரு செடி கிடைக்கும். இப்படி வெட்டிக்கொள்வதற்கென்றே, பூக்க விடாமல் வைத்திருப்பதுதான் தாய்ச்செடி.

விதை போட்டால் போதாதா? போதாது. கஞ்சாவில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரே பையில் வந்த பத்து விதையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் பத்தும் பத்து குணம். அவற்றில் ஒன்றின் மணமும் வேகமும் மனசுக்குப் பிடித்துவிட்டால், அதே செடி மறுபடி வேண்டும் என்பதற்கு வெட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் எழுதுவது கனடாவை, குறிப்பாக ஒன்டாரியோவை வைத்து. இங்கே 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. கியூபெக் அதையும் விடவில்லை, அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைத் தோட்டக்கலைச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு என்ற இந்த எண்ணிக்கைதான் வீட்டுக்காரருக்கு முதல் கணக்கு. தாய்ச்செடியும் ஒரு செடி, வேர் பிடித்த கன்றும் ஒரு செடி. தாய் ஒன்று நின்றால் பூக்க வைக்க மூன்றுக்குத்தான் இடம். உரிமம் வாங்கிய நாற்றுப்பண்ணைக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் அவர்களிடம் நாற்பது ஐம்பது ரகம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இடமும் விளக்கும் ஆளும் வேண்டும். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ஒரே தாயை வருஷக்கணக்கில்

பலரும் முதலில் செய்வது இதுதான். நல்ல செடி ஒன்றை இருபது, முப்பது லிட்டர் தொட்டிக்கு மாற்றி, புதர் போல விரிய விட்டு, வேண்டும்போதெல்லாம் வெட்டிக்கொள்வது. ஒரே வெட்டில் ஐம்பது குச்சி எடுக்கலாம். பண்ணைக்கு அது பெரிய வசதி. வருஷத்துக்கு ஆறு செடி வளர்க்கிற வீட்டுக்காரருக்கு ஐம்பது குச்சி எதற்கு?

செலவைப் பார்ப்போம். அந்த அளவு புதருக்கு 200 வாட் விளக்கு என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 18 மணி நேரத்தில் 3.6 யூனிட். வருஷத்துக்கு 1,314 யூனிட். அறையைச் சூடாக வைப்பது, ஈரம் எடுப்பது, மின்விசிறி எல்லாம் தனி.

மண்ணுக்குள்ளும் வேலை உண்டு. தொட்டிக்குள் வேர் சுற்றிச் சுற்றிப் பந்தாகும். உரத்து உப்பு அடியில் சேரும். மேலே இலை வெளிறி, நுனி கருகி, தண்டு கட்டையாகி, கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கும். அப்படிக் கட்டைபட்ட கிளையிலிருந்து எடுத்த குச்சி வேர் விட மூன்று வாரம்கூட எடுக்கும். இளசான கிளைக்கு பத்து முதல் பதினாலு நாள் போதும். இதற்குப் பரிகாரம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை செடியைத் தொட்டியிலிருந்து உருவி, வேர்ப்பந்தின் அடியிலும் சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கைச் சீவி எறிந்துவிட்டு, புதுக்கலவையில் உட்கார வைத்து, அந்த அளவுக்கு மேலேயும் கவாத்துச் செய்வது. இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், அப்புறம் தளிர்க்கும். கலவைக்கு இங்கே பெரும்பாலோர் வாங்குவது தென்னை நார்த்தூள். மூட்டையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கை என்றோ இந்தியா என்றோ போட்டிருக்கும், இந்தியச் சரக்கில் பொள்ளாச்சிப் பக்கத்துக்கும் நல்ல பங்கு உண்டு. வாங்கியதும் நன்றாக அலசி உப்பை வெளியேற்றுங்கள். கடலோரத்து மட்டையில் சோடியம் கூடுதலாக இருக்கும்.

வேரையும் உரத்தையும் இப்படிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது அறை. பூக்கும் அறை அறுவடை முடிந்ததும் காலியாகும். கழுவலாம், காயப் போடலாம், பூச்சியின் தலைமுறை அத்தோடு அறுந்துபோகும். தாய் அறை காலியாகவே ஆகாது. செஞ்சிலந்தி, இலைப்பேன், வேர் அசுவினி, சாம்பல் நோய் என்று எது ஒரு முறை நுழைந்தாலும் அதற்குப் பஞ்சமே கிடையாது, வருஷம் முழுக்கப் பந்திதான். அதைவிட மோசம், ஒவ்வொரு குச்சியோடும் அது அடுத்த அறைக்கும் பயணம் போகிறது. உரிமம் பெற்ற பண்ணைகளில் அடிக்கிற மருந்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. அதனால் செஞ்சிலந்தியைத் தின்கிற இரைப்பேன்களைப் பொட்டலமாக வாங்கித் தாய்ச்செடிகளில் தொங்கவிடுவது சாதாரணம். வீட்டிலும் அதையே செய்யலாம். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் புகை மருந்து வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆள்

பூச்சியைப் பார்க்கவாவது முடியும். தாய்ச்செடி வைத்திருப்பவர்களை உண்மையில் கவிழ்த்தது ஹாப் லேட்டன்ட் வைராய்டு. பீருக்குப் போடும் ஹாப்ஸ் செடியும் கஞ்சாவும் ஒரே குடும்பம். ஹாப்ஸில் 1980களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கஞ்சாவில் இதுதான் வேலையைக் காட்டுகிறது என்று கலிஃபோர்னியாவில் 2019இல்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் விவசாயிகள் இதற்குப் பெயர் தெரியாமல் ‘செடி டட் ஆகிவிட்டது’, அதாவது உதவாமல் போய்விட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வைரஸைவிடச் சிறியது இது. மேலே புரதக் கூடு கிடையாது. வெறும் 256 எழுத்து நீளமுள்ள, வளையமாக மூடிய ஓர் ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். செடியின் சொந்த இயந்திரத்தையே வைத்துத் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும்.

இதன் சாமர்த்தியம், தாய்ச்செடியில் முகம் காட்டாமல் இருப்பது. 18 மணி நேர வெளிச்சத்தில் இலை பச்சையாகத்தான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் சில அடையாளம் கிடைக்கலாம். கிளைகள் மேலே போகாமல் பக்கவாட்டில் படரும். தண்டை வளைத்தால் ‘டக்’கென்று முறியும். குச்சி வேர் விடத் தாமதமாகும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். பூக்க வைத்த பிறகுதான் தெரியும்: பூ சிறுத்து, இறுகாமல், மேலே மின்ன வேண்டிய பிசின் சுரப்பிகள் குறைந்து, மணம் செத்துப்போயிருக்கும். போதை தரும் சத்தான டி.எச்.சி. பாதியாகக் குறைந்ததும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருக்கிறார். கீழறையில் ஒரு தாயை மூன்று வருஷமாக வைத்திருக்கிறார். சோதனைக்கு அனுப்புங்கள் அண்ணை என்று சொன்னபோது சிரித்தார். ‘தம்பி, மரம் மாதிரி நிக்குது. இதுக்கு என்ன வருத்தம் வரப்போகுது?’ மரம் மாதிரிதான் நின்றது. மணிக்கட்டுப் பருமனில் தண்டு, கையகல இலை. முடிவு வந்தபோது வைராய்டு இருந்தது. ‘போன மாரி பூ ஏன் அப்பிடிச் சப்பிப்போச்செண்டு இப்பத்தான் விளங்குது’ என்றார்.

பரவுவது பெரும்பாலும் கத்தி வழியாகத்தான். ஒரு தாயில் வெட்டிய கத்தரி அடுத்த தாயைத் தொட்டால் போதும். சாறு பட்ட கையுறை, வேர் கலந்த வடிகால் நீர் இரண்டும் கடத்தும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கத்தியை ஆல்கஹாலில் துடைத்தால் சுத்தம் என்று நினைக்கிறார்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது சரி, வைராய்டை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. வீட்டில் துணி வெளுக்கிற பிளீச்சை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கலந்து, அதில் ஒரு நிமிஷமாவது கத்தியை மூழ்க வைக்க வேண்டும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றைய பிளீச்சுக்கு வீரியம் கிடையாது. இரும்பு அரித்துப்போகும் என்பது உண்மைதான். அதனால் நான் கத்தரியையே விட்டுவிட்டேன். செடிக்கு ஒரு சவரப் பிளேடு, வெட்டி முடித்ததும் டப்பாவுக்குள். நூறு பிளேடு வாங்குகிற காசு ஒரு தாய்ச்செடியை இழப்பதைவிடக் குறைவு.

சோதனைக்கு எதை அனுப்புவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. வைராய்டு செடி முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. நல்ல இலையில் தேடினால் இல்லை என்று வரும், அதே செடியின் வேரில் கொட்டிக் கிடக்கும். வேர்த்துண்டு அனுப்புவதே நம்பிக்கையானது. ஒரு முறை ‘இல்லை’ என்று வந்தால் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சில வாரம் விட்டு மறுபடியும் அனுப்ப வேண்டும். வந்துவிட்ட செடியை மருந்து ஊற்றிக் குணப்படுத்த வழி கிடையாது. உரம் கூட்டினாலும் விளக்கை மாற்றினாலும் பூ தேறாது.

வாழைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. கீழ்ப் பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் கிட்டத்தட்ட துடைத்துப் போட்டது. நோயுள்ள தாய்மரத்துக் கன்றையே தோண்டித் தோண்டி நட்டதால் நோயும் கூடவே நடப்பட்டது. பிறகு நோய் நீக்கிய திசு வளர்ப்புக் கன்றைக் கொண்டுபோய்த்தான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

வாரிசு வைப்பது

இரண்டாவது வழி: தாயை மூப்படைய விடாமல், ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் அதன் குச்சி ஒன்றையே அடுத்த தாயாக வளர்த்து, பழையதைக் கழித்துவிடுவது. தொட்டி சிறிதாக இருக்கும், கிளை இளசாக இருக்கும், வேர் பந்தாவதற்குள் ஆள் மாறிவிடும். அறையை முழுசாகக் காலி செய்து கழுவவும் ஒரு வாய்ப்பு கிடைக்கும். வாரிசை வேறு அறையில் வளர்த்து, சோதித்து, பிறகு கழுவிய அறைக்குள் கொண்டுவரலாம்.

இதைச் செய்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. குச்சி எடுத்துப் புதுத் தாய் வைத்தால் செடியின் வயது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பது. திரும்பாது. தொட்டிக்குப் புதுசு, வேருக்குப் புதுசு, மரபணுவுக்கு அதே பழைய கணக்குதான். குருத்தில் செல் பிரியும் ஒவ்வொரு முறையும் எங்காவது ஓர் எழுத்துப் பிழை விழ வாய்ப்பிருக்கிறது, அது குச்சியோடு சேர்ந்தே வரும். ஒன்டாரியோவில் உள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2022இல் இதை நேரடியாகவே பார்த்தார்கள். ஒரு தாய்ச்செடியின் அடி, நடு, உச்சி மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து முழு மரபணுவையும் படித்தபோது, உச்சிக்குப் போகப் போகப் பிழைகள் கூடியிருந்தன. ஒரே செடிக்குள்ளேயே அடிக்கிளையும் உச்சிக்கிளையும் அச்சு அசல் ஒன்றில்லை.

பயப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. பெரும்பாலான பிழைகள் எந்த வேலையும் செய்யாத இடத்தில்தான் விழும். ஐந்து வருஷத்தில் ‘ரகம் சீரழிந்துவிட்டது’ என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது மரபணு மாற்றம் என்று நான் நம்பவில்லை. வைராய்டு, வேரழுகல், அல்லது சும்மா பட்டினி. ஆனாலும் அந்த ஆய்விலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதில் செலவில்லை. பூக்க வைக்கிற கன்றுகளை மேலேயிருந்து எடுங்கள், வாரிசுக்கு மட்டும் அடிக்கிளையிலிருந்து எடுங்கள். கைக்கு எட்டுகிற, நன்றாக வெளிச்சம் பட்ட உச்சியையே எப்போதும் வெட்டி வாரிசாக்கிக்கொண்டே போனால் பிழைகளைத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறோம்.

இந்த வழியின் குறை கவனம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, சரியாக அந்த மாதத்தில், செய்தே ஆக வேண்டும். அட்டையில் பெயர் மாறிப்போவதும் இந்தக் கைமாற்றத்தில்தான் நடக்கும். இரண்டு ரகத்தின் குச்சிகளும் ஒரே தட்டில் இருக்கும்போது போன் வந்தால் போதும். பூக்கும்வரை யாருக்கும் தெரியாது. பென்சிலில் எழுதுங்கள், மார்க்கர் மை 18 மணி நேர விளக்கில் வெளிறிவிடும்.

இதற்குள்ளேயே ஒரு கிளை வழி இருக்கிறது. வாரிசைப் பெரிதாக வளர்க்காமல், ஒரு லிட்டர் தொட்டியில், மங்கின வெளிச்சத்தில், உரத்தையும் குறைத்து, கிள்ளிக் கிள்ளிக் குள்ளமாகவே வைத்திருப்பது. 40 வாட் விளக்குக்கு அடியில் நாலைந்து ரகம் நிற்கும். வருஷத்துக்குச் சுமார் 263 யூனிட், பெரிய தாயின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் குள்ளத்திலிருந்து நேராக வெட்டி நடுகிற குச்சி நோஞ்சானாகத்தான் வரும். வேலை வேண்டும் என்றால் நாலு வாரம் முன்னதாகவே அதை நல்ல வெளிச்சத்துக்கு மாற்றி, தீனி போட்டுத் தேற்ற வேண்டும். தண்ணீர் விஷயத்திலும் மன்னிப்பு கிடையாது. முப்பது லிட்டர் தொட்டி ஒரு நீண்ட வார இறுதியைத் தாங்கும், ஒரு லிட்டர் தொட்டி தாங்காது.

கண்ணாடிக் குப்பிக்குள்

மூன்றாவது வழி திசு வளர்ப்பு: செடியின் சின்னத் துண்டைக் கண்ணாடிக் குப்பிக்குள் சத்துக் கூழில் வளர்ப்பது. இந்தப் பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. இதில் பாதி நியாயம். மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1968 முதல் அமெரிக்க அரசுக்காக ஆராய்ச்சிக் கஞ்சாவை வளர்த்துவருகிறது. அங்கே ஹேமந்த் லதா, சுமன் சந்திரா ஆகியோர் கணுத்துண்டிலிருந்து குப்பியில் வளர்த்துத் தொடர்ந்து மறுநடவு செய்த செடிகளைத் தாயோடு ஒப்பிட்டு, அவர்கள் பார்த்த மரபணு அடையாளங்களில் மாற்றம் இல்லை என்று 2010இல் காட்டினார்கள். ஒரு குளிரூட்டிய அலமாரியில் நூறு ரகம் அடங்கும். பூச்சி வராது. மின்சாரம் மிச்சம். பெரிய பண்ணைக்கு இது கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லத் தோன்றும்.

மீதிப் பாதிதான் சிக்கல். குப்பிக்குள் போனாலே நோய் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணுத்துண்டை அப்படியே குப்பிக்குள் வைத்தால் வைராய்டும் சேர்ந்தே உள்ளே போகும், அதற்கும் அங்கே சுகவாசம்தான். நோயைக் கழற்ற வேண்டுமென்றால் குருத்தின் நுனியில், நுண்ணோக்கிக்கு அடியில், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய ஒரு துணுக்கை மட்டும் சீவி எடுத்து வளர்க்க வேண்டும். பல துணுக்குகள் செத்துப்போகும், பிழைத்தவற்றிலும் எல்லாமே சுத்தமாக இருக்கும் என்று உறுதி கிடையாது. ஒவ்வொன்றையும் வளர்த்துச் சோதித்துத்தான் சொல்ல முடியும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆய்வகம் ஒன்றிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எனக்குத் திருப்பித் தரப்போவது கணு வளர்ப்பா, குருத்து நுனி வளர்ப்பா, எத்தனை முறை சோதித்தீர்கள்? பதிலில் இழுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு தலைவலி, கஞ்சா குப்பிக்குள் அவ்வளவு சமர்த்தான பிள்ளை இல்லை. குப்பிக்குள் போடும் சத்துக் கூழுக்கு ஊடகம் என்று பெயர். பெரும்பாலான செடிகளுக்குப் போடும் முராஷிகே-ஸ்கூக் ஊடகம் முதலில் புகையிலைக்காகச் செய்தது. அதில் கஞ்சா இலை மஞ்சளாகி, சுருண்டு, நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி ஆவது சகஜம். வால்நட் மரத்துக்காக உருவாக்கிய டி.கே.டபிள்யூ. ஊடகத்தில் இன்னும் நன்றாக வருகிறது என்று குவெல்ஃபில் 2021இல் காட்டினார்கள். அதிலும் ஒரு ரகம் செழிக்கும், இன்னொன்று அடம்பிடிக்கும். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்டுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சைகள் சில மாதம் கழித்துக் குப்பியில் வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.

குப்பியிலிருந்து வெளியே எடுப்பது தனிக் கலை. உள்ளே நூறு சதவீத ஈரத்தில், சர்க்கரை குடித்து வளர்ந்த செடி. வெளியே எடுத்த அன்றே சாதாரணக் காற்றில் வைத்தால் மத்தியானத்துக்குள் தொங்கிவிடும். மூடிய தட்டில் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டுப் பழக்க வேண்டும்.

வீட்டுச் சமையலறையில் பிரஷர் குக்கரை வைத்துத் திசு வளர்ப்புச் செய்கிறவர்களும் உண்டு. பொழுதுபோக்காக அழகான விஷயம். ஒரே ஒரு ரகத்தைக் காப்பாற்ற அதை மட்டும் நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தொகுதி முழுக்கப் பூசணம் பிடித்தால் ரகமே போச்சு.

விதை, விலைக்கு வாங்குவது

விதையைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், அதே செடி வராது. ஒரு பெண் செடியைத் தன்னோடு தானே கருவுற வைத்து விதை எடுத்தாலும் பிள்ளைகள் தாய்க்கு நெருக்கமாக இருக்குமே தவிர, தாய் ஆகாது. ஆனால் விதைக்கு இரண்டு பலம் உண்டு. காய வைத்து, காற்றுப் புகாமல் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும், விளக்கும் தண்ணீரும் கேட்காது. நான்கு செடிக் கணக்கிலும் வராது. நோயுள்ள தாயின் விதைகளில் ஒரு பகுதிக்கு வைராய்டும் கடந்து போகிறது என்பதால் விதை என்றாலே சுத்தம் என்றும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறையும் பண்ணையிலிருந்து கன்று வாங்கிக்கொள்வது சோம்பேறிக்கு ஏற்ற வழி, அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் அந்த ரகத்தை நிறுத்திவிட்டால் உங்களுக்கும் அத்தோடு சரி. உயிர்க்கன்று எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. வாங்கி வந்ததை நேராக மற்ற செடிகளோடு வைக்காமல் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

யாருக்கு எது

வீட்டில் நான்கே செடி, ஒரு ரகம்தான் உயிர் என்றால்: வாரிசு வைப்பதுதான் என் பதில், அதுவும் குள்ள வடிவத்தில். ஒரு சின்னத் தாய், மூன்று பூக்கும் செடி. வாரிசு தேறும் அந்தச் சில வாரம் பூக்கிற செடியில் ஒன்று குறையும், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது வேரைச் சோதனைக்கு அனுப்புங்கள். பெரிய புதர்த் தாய் உங்களுக்கு வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், நண்பர்களுக்குக் காட்டலாம், அதைத் தவிர ஒரு பயனும் இல்லை.

கூடவே இன்னொரு ஏற்பாடு. பெரியவர் ஒருவர் இன்னொரு பெரியவருக்குப் பூக்காத செடியைக் காசு வாங்காமல் கொடுப்பதைக் கனடாச் சட்டம் நான்கு வரை அனுமதிக்கிறது. நம்பிக்கையான நண்பர் வீட்டில், அவர் கணக்கில், உங்கள் ரகத்தின் ஒரு செடி நிற்கட்டும். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் டொராண்டோவில் எத்தனையோ வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓர் இரவு விளக்கு அணைந்தால் தாய் பூத்துவிடாது, ஆனால் நாலு நாள் இருட்டும் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த விளக்கும் எந்த வைராய்டுச் சோதனையும் இந்த இரண்டாவது வீட்டுக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

மருத்துவத் தேவைக்காக ஹெல்த் கனடாவில் பதிந்து கூடுதல் செடிக்கு அனுமதி வாங்கியவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு ஒரே ரகம் மாறாமல் கிடைப்பது விருப்பம் இல்லை, தேவை. அவர்கள் ஒரே ரகத்துக்கு இரண்டு தாய் வைக்கலாம், ஆறு மாத இடைவெளியில் மாறி மாறி வாரிசாகிற மாதிரி. ஒன்றுக்குப் பயன்படுத்திய பிளேடு மற்றொன்றைத் தொடவே கூடாது, இரண்டும் ஒரே தண்ணீர்த் தட்டில் நிற்கவும் கூடாது. ஒன்றில் நோய் வந்தால் மற்றொன்றிலிருந்து மீள்வதற்குத்தானே இரண்டு.

பத்து ரகத்துக்கு மேல் வைத்து வியாபாரம் செய்கிற பண்ணை என்றால் குப்பி வேண்டும், ஆனால் குப்பி மட்டும் போதாது. குருத்து நுனியில் எடுத்துச் சோதித்த சுத்தமான தொகுதி ஆய்வகத்தில் இருக்கட்டும். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுத் தாய்களை இறக்கி, அவற்றை வைத்து அந்த வருஷத்துக் குச்சியை எடுத்து, வருஷ முடிவில் எல்லாத் தாயையும் கழித்துவிட்டு அறையைக் கழுவுவது. குப்பியிலிருந்து வந்த முதல் தலைமுறையில் சிலவற்றைப் பூக்க வைத்து, மணமும் உருவமும் பழையபடிதான் இருக்கிறதா என்று பார்க்காமல் பழைய தாய்களை வெட்டிப் போட வேண்டாம். பார்த்து முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை பழைய தாய் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கட்டும், மேலாளர் முணுமுணுத்தாலும்.